சின்ன பட்ஜெட்ல பேய்ப்படம் எடுக்குற அண்ணன்மாருக்கு, தக்கலை பக்கத்துல இருந்து ஒரு திறந்த மடல்

டைரக்டர் அண்ணன்மாருக்கும், காசு போட்ட தயாரிப்பாளர் அண்ணாச்சிகளுக்கும் வணக்கம்.

எனக்கு சின்ன வயசுல இருந்தே பேய்ப்படம்னா கிறுக்கு. நீங்க எடுக்குறத எல்லாம் மொத ரெண்டு நாளைக்குள்ள பாத்துருவேன், மூணாவது நாள் போஸ்டர கிழிச்சிருவாங்கல்லா. போன மாசம் மார்த்தாண்டத்துல ஒரு செகண்ட் ஷோ போனேன், என்னையும் சேத்து 7 பேரு, அதுல ரெண்டு பேரு மழைக்கு ஒதுங்குனவங்க. இன்டர்வெல்லுக்கு முன்னாடி ஸ்க்ரீன் பூரா மூஞ்சிய காட்டி பேய் கத்துது, பின்னாடி சீட்ல ஒறங்கிட்டு கெடந்த ஒரு அண்ணாச்சி திடுக்குன்னு முழிச்சு "என்னலே, கரண்டு வந்துட்டா?"ன்னு கேக்காரு. தியேட்டர்ல அன்னைக்கு கேட்ட ஒரே சிரிப்பு அதுதான், அந்தப் படத்துல காமெடிக்குன்னே மூணு ஆள் போட்டிருந்தீங்க.

நீங்க பேட்டில எல்லாம் "பட்ஜெட் கம்மி பிரதர், இருக்குறத வச்சு பண்ணிருக்கோம்"னு சொல்லுதீங்க. சரி. ஆனா பாராநார்மல் ஆக்டிவிட்டின்னு ஒரு அமெரிக்கப் படம், அத எடுத்தவரு தன் சொந்த வீட்டுலயே வச்சு எடுத்தாரு, செலவு சுமாரா 15,000 டாலர், ஊரெல்லாம் ரிலீஸ் ஆன 2009 கணக்குக்கு நம்ம காசுல 7 லட்சம் பக்கத்துல வரும். அதுல பேய் என்ன செய்யுதுன்னு பாத்தா, கதவு லேசா அசையும், போர்வை இழுபடும், தரையில தூவுன பவுடர்ல காலடி விழுந்திருக்கும், படத்துல முக்காவாசி அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி 1999ல வந்த பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்ல நடிச்ச பிள்ளைகளே கேமராவ தூக்கிட்டு காட்டுக்குள்ள அலைஞ்சாங்க, கடைசி வர அந்த சூனியக்காரிய கண்ணால காட்டவே இல்ல. இத சொன்ன உடனே கேமராவ ஆட்டுனா போதும்னு கெளம்பிராதீங்க, அப்படி ஆட்டுன நம்ம ஊரு படம் ஒண்ண பாத்துட்டு எனக்கு தலை சுத்துனதுதான் மிச்சம்.

ஆக உங்க கைல இருக்குற கொஞ்ச காசு எங்க போகுதுன்னு பாத்தா, பேய காட்டுறதுல போகுது. வெள்ளை லென்சு, மெழுகு மூஞ்சி, பொகை மெஷினு, அதுக்கும் மேல கிராபிக்ஸ்ல பறக்குற பேயி, எங்க கோயில் கொடைல, அதாவது திருவிழால, பிள்ளைங்க கைய விட்டு நழுவுன பலூன் மாதிரி ஆடி ஆடி போகுது. எது மோசமா வரும்னு உங்களுக்கே தெரியுமோ அதத்தான் அதிக நேரம் காட்டுதீங்க. காட்டாம விட்டா காசும் மிச்சம், எங்களுக்கு பயமும் மிச்சம் இருக்கும்.

சவுண்ட பத்தியும் சொல்லியாகணும். டமார்னு அடிச்சா ஒடம்பு தூக்கிப் போடும், அது பயம் இல்ல, காதுக்கு பக்கத்துல பட்டாசு வெடிச்சாலும் அப்படித்தான் தூக்கிப் போடும். பயம்ங்கிறது அதுக்கு முன்னாடி வர்றது, என்னமோ வரப்போகுதுன்னு வயித்துக்குள்ள ஒண்ணு உருளுமே அது. நீங்க மொத சீன்ல இருந்தே வயலின இழுக்குறதால அந்த உருளல் வர்றதுக்கு எடமே இல்ல. எங்க பக்கம் ரப்பர் தோட்டத்துல ராத்திரி சீவீடு, அதான் சில்வண்டு, கத்திட்டே இருக்கும், ஒரு கட்டத்துல அந்த சத்தம் காதுலயே விழாது, திடீர்னு எல்லாம் ஒண்ணு போல நிக்கும் பாருங்க, அப்ப வர்ற குளுருக்கு எந்த மியூசிக் டைரக்டரும் வேண்டாம், ஒரு மைக்கும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

அப்புறம் ராத்திரி. நெறைய பேரு பகல்ல எடுத்துட்டு நீல கலர பூசி ராத்திரின்னு சொல்லுதீங்க. ஹீரோயின் காலடில நெழல் பளிச்சுன்னு கெடக்கு, தென்னை ஓலை வெயில்ல மின்னுது, ஆனா கைல டார்ச்சு. ஜெனரேட்டர் வாடகை, நைட்டு பேட்டா எல்லாம் தாங்காதுன்னு புரியுது. அப்ப ஏன் பகலயே எடுக்க மாட்டீங்க? நம்ம ஆளுகளுக்கு பேய் ராத்திரிக்கு மட்டும் உள்ளதா? உச்சி வேளைல புளியமரத்து பக்கம் போகாதன்னு எந்த ஆச்சியும் சொல்லலையா உங்களுக்கு? ரப்பர் காய் பழுத்து காயுற சமயத்துல மத்தியான வெயிலுக்கு டப்பு டப்புன்னு தானா வெடிக்கும், கொட்டை போயி தகர ஷீட்டுல விழும், தோட்டத்துல ஒரு மனுஷன் இருக்க மாட்டான். சின்னதுல நான் அந்த சத்தத்துக்கு வீடு வர ஓடிருக்கேன். லைட் செலவே இல்லாத பயம் அது, சும்மா கெடக்கு, எடுக்கதான் ஆள் இல்ல.

இனி கதை. உங்க படத்துல ஒரு பொண்ண மூணு பேரு சேந்து கெடுத்து கொல்லுவாங்க, அந்த சீன பத்து நிமிஷம் இழுப்பீங்க, ஏன் இழுக்குதீங்கன்னு எங்களுக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும், அசிங்கமா இருக்கு. அப்புறம் அவ ஒவ்வொருத்தனா கொல்லுவா, நடுவுல காமெடி, கடைசில ஒரு மந்திரவாதி வந்து கும்பத்துல அடைப்பாரு.

இதே சங்கதிய எங்க பாட்டா கூட்டிட்டுப் போன அம்மன் கொடைல வில்லுப்பாட்டுல கேட்டப்ப எனக்கு எட்டு வயசு இருக்கும். நீலி கதை. ஒரு வில்லு, அதுல மணி, ஒரு குடம், உடுக்கு, ஜால்ரா, கட்டை, அவ்வளவுதான் பட்ஜெட்டு. நகைக்கு ஆசப்பட்டு ஒருத்தன் ஒரு பொண்ண கள்ளிக்காட்டுக்கு கூட்டிட்டுப் போறான், அவன் மடியிலயே அவ ஒறங்குறா, மெதுவா தலைய எறக்கி மணல்ல வச்சுட்டு கல்ல தூக்கிப் போடுதான், வேற சாட்சி யாரும் இல்லாததால அவ கள்ளிச்செடிய சாட்சி வச்சுட்டு சாகுறா. அடுத்த பிறவில அவன் செட்டியாரா பிறந்து அதே வழியா வாறான், அவ நீலியா கள்ளிக்கொப்ப ஒடிச்சு பிள்ளையாக்கி இடுப்புல வச்சுட்டு பின்னாடியே வாறா. இதுவர உங்க படந்தான். இதுக்கு மேலதான் கதையே இருக்கு. அவ அவன் மேல பாயல, நேரா ஊர்ப் பெரியவங்க கிட்ட போயி, இவரு என் வீட்டுக்காரரு, என்ன வேண்டாம்னு ஓடுறாருன்னு அழுகுறா. அவன் இது பேயின்னு கத்துதான். பிள்ளைய எறக்கி விடுதாங்க, அது தவந்து போயி அவன அப்பாங்குது. அவன் காவலுக்குன்னு வச்சிருந்த கத்தியையும், ராத்திரி என்ன குத்திருவாருன்னு சொல்லி ஊரையே வாங்க வச்சிடுறா. நாங்க பொறுப்புன்னு சொல்லி பெரியவங்களே ரெண்டு பேரையும் ஒரே வீட்டுல விட்டு கதவ சாத்துறாங்க.

புலவர் அந்த எடத்துல பாட்ட நிறுத்தி, கதவு சாத்தியாச்சுன்னு மட்டும் சொன்னாரு. பக்கத்துல உள்ளவரு ஆமான்னாரு. எல்லாரும் சாமத்துக்கு மேல முழிச்சு கெடக்கோம், ஒருத்தர் அசையல. நான் பாட்டாவுக்க வேட்டி முந்திய பிடிச்சது இப்பவும் ஓர்ம இருக்கு. ரத்தம் ஒரு சொட்டு காட்டல. நல்லது செய்றோம்னு நெனச்ச ஊரே அவன கொண்டு போயி விட்டுச்சுல்லா, அதுதான் பயம். பாடுறவங்களுக்கு ஏத்த மாதிரி கதை அங்கங்க மாறும், ஆனா அந்த கதவு மட்டும் யாரு பாடுனாலும் சாத்தத்தான் செய்யும்.

இன்னொண்ணு, நாங்க அந்த நீலிய ஓட்டல, இசக்கின்னு சாமியாக்கி கும்பிடுறோம். முப்பந்தல்ல ரோட்டு ஓரத்துல இசக்கியம்மன் இருக்கா, சுத்தி காத்தாடியா சுத்துது, லாரிக்காரங்க நிறுத்தி கும்பிட்டுட்டு போறாங்க. பிள்ளை வேணும்னு கேட்டு போறவங்களும் அவ கிட்டதான் போறாங்க. அநியாயமா செத்தவளுக்கு எடம் குடுத்து, பேரு குடுத்து, வருஷத்துக்கு ஒருக்கா அவ கதைய அவளுக்கே பாடிக் காட்டுறோம். நீங்க அடைக்குற கும்பத்த பாக்கும்போது எனக்கு அந்தப் பேய் மேலதான் பாவம் வருது.

எங்க ஊரையும் கொஞ்சம் ஊரா காட்டுங்க. பத்மநாபபுரம் அரண்மனை பராமரிப்பு கேரளா கைலதான் இருக்கு, ஆனா நிக்குறது எங்க கன்னியாகுமரி ஜில்லால, நாங்க 1956 நவம்பர் 1ல இருந்து தமிழ்நாட்டுப் பக்கந்தான். உங்க படத்துல இங்க உள்ளவன் பூரா பாதி மலையாளம் பேசுற மந்திரவாதியாவோ, வெள்ளைச் சேலை யட்சியாவோ மட்டும் வாறான். யட்சி சுண்ணாம்பு கேப்பா, குடுக்க நின்னவன் மறுநாள் காலைல பனை மூட்டுல நகமும் முடியுமா கெடப்பான்னு எங்க ஆச்சி சொல்லுவா. அந்த ராத்திரி நடந்தத அவ ஒருநாளும் சொன்னது கெடையாது, நகத்தையும் முடியையும் மட்டும் சொல்லிட்டு வெத்தலைய மடிப்பா. 1993ல மணிச்சித்திரத்தாழுன்னு மலையாளப் படம் எடுத்தவங்களும் இதே அரண்மனைலதான் கொஞ்சம் எடுத்தாங்க, பேய்னு ஒண்ண காட்டாமலே நம்மள மெரட்டிட்டு போனாங்க. நீங்க ட்ரோன பறக்க விட்டு கூரைய மட்டும் எடுத்துட்டு போறீங்க.

இவ்வளவு கோவம் ஏன்னு கேட்டா, உங்கள்ல ஒரு டீம் எங்க மாமா வீட்டுல வந்து எடுத்துச்சு. பேரு வேண்டாம். திருவட்டாறு போற வழில பழைய ஓட்டு வீடு, சும்மா கெடந்தது, 12 நாள் வாடகைக்கு குடுத்தாரு. பிலா மரத்துல செவப்பு நூலா சுத்துனாங்க, மச்சுப்படில ரத்தம்னு பெயின்ட ஊத்துனாங்க, படம் வந்தது தெரியல போனது தெரியல. நூல அவுக்காமலே போயிட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு பாத்தா, விடியக்காலம் தலைல லைட்ட கட்டிட்டு ரப்பர் பால் வெட்ட போற அண்ணன் அந்த வழிய விட்டுட்டு ஆத்தங்கரை வழியா சுத்தி போறாரு. கேட்டா "சும்மா இல்ல மக்கா, யாரோ கெட்டி வச்சிருக்கான்"ங்காரு. ஷூட்டிங் நூல்தான் அண்ணேன்னு சொன்னேன். "தெரியும், நானும் பாத்துட்டுதான நின்னேன், ஆனாலும் எதுக்கு?"ன்னாரு.

அண்ணன்மாரே, அந்த டீம் மொத்த படத்துலயும் மெரட்டுனது அந்த ஒரு ஆளத்தான், அதுவும் நீங்க மறந்துட்டு போன பத்து ரூவா நூல வச்சு. அதுக்கு சவுண்டு இல்ல, பொகை இல்ல, யாரு கெட்டுனாங்கன்னு அவருக்கே தெரியும், இருந்தும் சுத்தி போறாரு. அடுத்த ஸ்கிரிப்ட் எழுத உக்காரும்போது அந்த அண்ணன நெனச்சுக்கிட்டு உக்காருங்க. முடிஞ்சா ஒரு கொடைக்கு வாங்க, பங்குனி சித்திரைல எங்க பக்கம் எங்கயாவது ஒரு வில்லு அடிச்சுட்டுதான் இருக்கும், சாப்பாடு எனக்க பொறுப்பு.

வீட்டுக்கு இப்ப வாடகைக்கு ஆள் வரல, பிள்ளைங்க பேய் வீடுன்னு கல்லெறியுது, மாமாவுக்கு அதுல தனி வருத்தம். நூல நானே ஏணி வச்சு அவுத்துட்டேன், அவுக்கும்போது கை லேசா நடுங்குனது வேற விஷயம். படியில உள்ள அந்த செவப்பு பெயின்டு மட்டும் தின்னர் போட்டும் போகல, உரைதாள் போட்டும் போகல. அது என்ன பெயின்டுன்னு உங்க ஆர்ட் டிபார்ட்மென்ட்ல யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.

இப்படிக்கு,
அடுத்த படத்துக்கும் மொத நாளே டிக்கெட் எடுக்கப்போற ஒருத்தன்