வாய் திறந்தால் கூட்டணி உடைந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் புளியந்தோப்பில் வசிப்பவன். ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தமிழகத்தில் ஆளுங்கட்சியோடு கூட்டணியில் இருக்கும் ஒரு கட்சியில் இளவயது முதல் உறுப்பினராக இருக்கிறேன். கொடி கட்டியது, சுவரெழுத்து எழுதியது, உண்டியல் குலுக்கியது எல்லாம் இந்தக் கட்சிக்குத்தான். கட்சியின் பெயரை இங்கே எழுதவில்லை. படிக்க வேண்டியவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும்.

2025 ஆகஸ்ட் முதல் தேதி, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் சென்னை மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகை வாசலில் அமர்ந்தார்கள். தங்கள் வேலையைத் தனியாரிடம் ஒப்படைக்கக் கூடாது, பணி நிரந்தரம் வேண்டும் என்பதே கோரிக்கை. பெரும்பாலோர் பெண்கள். எங்கள் தெருவில் குப்பை எடுக்கும் அம்மாவும் அங்கே இருந்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்தபின் பட்டாளம், புளியந்தோப்புத் தெருக்களில் ஊறிக் கிடந்த மெத்தைகளையும் செத்த எலிகளையும் அள்ளியவர்களில் அவரும் ஒருவர். அப்போது இந்தப் பணியாளர்களுக்குச் சால்வை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டவர்களில் எங்கள் கட்சி நிர்வாகிகளும் உண்டு.

போராட்டப் பந்தலுக்கும் எங்கள் தலைவர்கள் வந்தார்கள், ஆதரவு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். ஆகஸ்ட் 13ஆம் தேதி நள்ளிரவில் அத்தனை பேரையும் காவல்துறை கைது செய்து வண்டிகளில் ஏற்றிச் சென்றது. மறுநாள் வெளியான எங்கள் கட்சி அறிக்கையைத் தேடிப் படித்தேன். நடந்தது வருத்தமளிக்கிறதாம், பேச்சுவார்த்தை தொடர வேண்டுமாம். கைது செய்தது யாருடைய காவல்துறை, தனியார்மயம் யாருடைய முடிவு என்று ஒரு வரியும் இல்லை. போராட்டக்காரர்களை அகற்றும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது உண்மைதான். ஆனால் அந்தப் பெண்களின் கோரிக்கை தவறு என்று அந்த உத்தரவு சொல்லவில்லை. அவர்களோடு பேசித் தீர்க்க வேண்டியது அரசின் பொறுப்பு. அதை அரசிடம் சொல்ல வேண்டியது எங்கள் பொறுப்பு. சாலையில் அமர்வது பற்றித்தானே தீர்ப்பு? மாநகராட்சி மாமன்றத்தில் எழுந்து பேச எந்தத் தடையும் இல்லையே!

எங்கள் கிளைக் கூட்டத்தில், தனியார்மயத்தைக் கைவிடக் கோரி ஒரு தீர்மானம் நிறைவேற்றி மாநிலக் குழுவுக்கு அனுப்பலாம் என்று முன்மொழிந்தேன். வந்திருந்த பகுதிச் செயலாளர், "தொகுதிப் பங்கீடு பேச வேண்டிய நேரத்தில் இதெல்லாம் வேண்டாம் தோழர்" என்றார். அவர் கெட்டவர் அல்லர். மேலே இருப்பவர்கள் அவருக்குச் சொல்லியனுப்பியதை என்னிடம் சொன்னார், அவ்வளவுதான். எனக்குக் கோபம் அந்த மேலே இருப்பவர்கள் மீது.

அவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகள் எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. எங்கள் உறுப்பினர்களும் எழுந்து வெளியேறினார்கள். அன்று நான் அடைந்த பெருமிதத்தை எழுத்தில் சொல்ல முடியாது. மூன்றே நாளில் அந்த மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று, சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதலமைச்சரே அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவித்தார். கூட்டணி உடைந்ததா? அதே கூட்டணிதான் அடுத்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளையும் வென்றது. எதிர்த்துப் பேசியதால் எங்களுக்கு ஒரு தொகுதிகூடக் குறையவில்லை.

அப்போது இருந்த துணிவு இப்போது எங்கே போயிற்று? அன்று ஆலைத் தொழிலாளிக்காகப் பேசியவர்கள் இன்று குப்பை அள்ளும் பெண்ணுக்காகப் பேசத் தயங்குவது ஏன்? சங்கடமான கேள்விதான், ஆனால் எங்கள் தெருவில் இதைக் கேட்கிறார்கள். தொழிற்சங்கத்துக்காக உழைத்த திரு.வி.க.வின் பெயரை வைத்திருக்கும் மண்டலம் இது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவான பெரம்பூர் பக்கத்திலேயே இருக்கிறது. இங்கே வாக்குக் கேட்டு வீடு வீடாகப் போகப்போவது தலைவர்கள் அல்லர், நாங்கள். கைதாகித் திரும்பிய பெண்ணின் வீட்டு வாசலில் நின்று நான் என்ன சொல்லி வாக்குக் கேட்பது?

கூட்டணியை விட்டு வெளியேறச் சொல்லவில்லை. மதவாத சக்திகள் இங்கே காலூன்றக் கூடாது என்பதில் எனக்கும் எள்ளளவும் மாற்றுக் கருத்து இல்லை. நான் கேட்பது இரண்டுதான். இரு மண்டலங்களிலும் துப்புரவுப் பணியைத் தனியாரிடமிருந்து திரும்பப் பெற வேண்டும் என்று மாநிலக் குழுவில் வெளிப்படையான தீர்மானம். அதை விளக்கிப் புளியந்தோப்பில் ஒரு பொதுக்கூட்டம், அதில் மாநிலத் தலைவர்களே வந்து பேச வேண்டும். மேடை, ஒலிபெருக்கி, சுவரொட்டிச் செலவை எங்கள் கிளை வசூல் செய்து கொடுத்துவிடும். தேதியை மட்டும் அவர்கள் சொல்லட்டும்.

இப்படிக்கு,
கட்சியின் கிளை உறுப்பினர் ஒருவர்,
புளியந்தோப்பு, சென்னை.