தாழ்ப்பாளைக் கொஞ்சம் விலக்கி வையுங்கள்: சஃபோக் கிராமத் தேவாலயங்களின் சேகரக் கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கமிட்டியாருக்கு,

வணக்கம். நான் உங்கள் சபையைச் சேர்ந்தவன் அல்லன். இப்ஸ்விச்சில் வேலை, சனிக்கிழமை ஓய்வு. அன்றைக்கு ஏதாவது ஒரு கிராமத்துக் கோயிலைப் பார்க்கக் கிளம்பிவிடுவேன். இங்கிலாந்தின் கிழக்கே உள்ள இந்த சஃபோக் மாவட்டத்தில் இடைக்காலக் கோயில்கள் மட்டுமே ஏறத்தாழ 500 இருக்கின்றன; எனக்கு ஆயுசு போதாது.

போன மாதம் ஒரு கோயிலுக்குப் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம். முகப்பு மண்டபத்தில் பறவை புகாமல் இருக்க வலைக் கதவு, அதைத் தாண்டினால் பெரிய இரும்பு வளையம். திருகிப் பார்த்தேன், அசையவில்லை. சாவிக்கு அழைக்க வேண்டிய எண் ஒட்டியிருந்த காகிதத்தில் மழைநீர் இறங்கி, கடைசி மூன்று இலக்கங்கள் நீலக் கறையாகக் கிடந்தன. கல்லறைத் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பினேன். இந்த ஆண்டில் இது ஐந்தாவது முறை.

திருட்டுக்குப் பயந்துதான் பூட்டுகிறீர்கள், தெரியும். ஆனால் உங்களை அதிகம் வாட்டுவது கூரையில் பதித்த ஈயத் தகடுகளின் திருட்டு. அதற்கு வருகிறவன் ராத்திரியில் வெளியிலிருந்து ஏணி போட்டு ஏறுகிறான். வாசல் பூட்டு அவனை என்ன செய்யும்? பகலில் நாலு பேர் வந்து போகிற கோயிலில் கள்ளனுக்குத்தான் உதறல்.

பூட்டுக்கும் ஒரு பெருமை உண்டு என்பதை நான் மறைக்கப் போவதில்லை. 1644இல் நாடாளுமன்றத்தின் சிலையொழிப்பு ஆணையை நிறைவேற்ற ஊர் ஊராகப் போன வில்லியம் டௌசிங் அஃபர்டுக்கு வந்தபோது, கோயில் வார்டன்கள் (கோயிலைப் பராமரிக்கும் சபைப் பொறுப்பாளர்கள்) சாவி தர மறுத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே நிற்க வைத்தார்கள். உள்ளே போனவர் ஞானஸ்நானத் தொட்டியின் மூடியைப் பார்த்தார். சுமார் 18 அடி உயரத்துக்கு மரத்தில் அடுக்கடுக்காய் எழும் கோபுரம். உச்சியில் தன் மார்பைக் கொத்தும் கூழைக்கடா. போப்பின் மும்முடி போல இருக்கிறது என்று நாட்குறிப்பில் வியந்து எழுதினார். ஏனோ அதை விட்டுவிட்டும் போனார். கீழ்ப்பகுதியை மேலே தூக்கினால் அது மேல்பகுதியைக் கவிந்துகொண்டு ஏறும். அந்த வார்டன்களுக்கு என் கும்பிடு. ஆனால் அவர்கள் பூட்டியது டௌசிங்குக்கு எதிராக. நீங்கள் பூட்டுவது என்னைப் போன்றவனுக்கு எதிராக.

சஃபோக்கில் தப்பிப் பிழைத்தவை பல, யாரோ தற்செயலாகப் பார்த்ததால் பிழைத்தவை. தார்ன்ஹாம் பார்வாவில் கூரை வேய்ந்த சின்னக் கோயில். அதன் பலிபீடத்துக்குப் பின்னால் நிற்கும் 14ஆம் நூற்றாண்டு ஓவியப் பலகை 1927இல் ஒரு குதிரை லாயத்தின் பரணில்தான் கிடைத்தது. வென்ஹாஸ்டன் கதை இன்னும் வேடிக்கை. நியாயத்தீர்ப்பு ஓவியத்தைச் சுண்ணாம்படித்து மறைத்துவிட்டார்கள். 1892இல் பழுது பார்த்தபோது பழைய பலகை என்று கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். அன்றிரவு மழை பெய்து சுண்ணாம்பைக் கழுவிவிட்டது. காலையில் பார்த்தால் தராசு பிடித்த தேவதூதன் மிக்கேல், வாய் பிளந்த நரகம்! கிட்டே போய்ப் பாருங்கள்: நடுவில் சிலுவை வடிவத்திலும் அதன் இருபுறமும் ஆள் வடிவத்திலும் வெற்றிடம் விட்டிருக்கும். ஒரு காலத்தில் மரச் சிலைகள் அங்கே பொருத்தியிருந்தன. சிலைகள் போய்விட்டன, அவை நின்ற இடம் மட்டும் இருக்கிறது. நான் அதன் முன் அரை மணி நேரம் நின்றேன்.

எனக்கு மிகப் பிடித்தது பிளைத்பரோ ஊர்க் கோயில்தான். சதுப்பு நிலத்தின் ஓரத்தில் கப்பல் மாதிரி நிற்கும். 1577 ஆகஸ்ட் 4 அன்று ஆராதனை நடக்கும்போது இடி விழுந்தது. வடக்குக் கதவில் உள்ள கரிய தீத்தடங்கள், அன்று உள்ளே பாய்ந்த ஒரு கறுப்புப் பேய் நாயின் நகக்கீறல் என்பது ஊர்ப்பேச்சு. கூரையில் சிறகு விரித்த மரத் தேவதூதர்கள். அவர்கள் உடம்பில் ஈயக் குண்டுகள். பழி டௌசிங்மேல் விழுந்தது. உண்மையில் 18ஆம் நூற்றாண்டில் உள்ளே கூடு கட்டிய காக்கைகளைச் சுட்டபோது பட்டவை என்கிறார்கள். பாவம் அந்த மனுஷர், செய்ததே போதும்.

இவற்றையெல்லாம் நான் பார்த்தது கதவு திறந்திருந்ததால்தான். ஆகவே கேட்பது இவ்வளவே: காலை பத்து முதல் மாலை நான்கு வரை திறந்து வையுங்கள். வெள்ளிப் பாத்திரங்களைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிக்கொள்ளுங்கள். முடியவே முடியாத இடத்தில், சாவி யார் வீட்டில் என்பதை மழைக்கு அழியாத எழுத்தில் எழுதி வையுங்கள். விளக்கின் சுவிட்ச் எங்கே என்பதையும் எழுதினால் இன்னும் நல்லது. அந்தத் தூணுக்குப் பின்னால் தடவித் தடவி எனக்கு அலுத்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை அதே கோயிலுக்கு மறுபடி வருகிறேன். வலைக் கதவை மறக்காமல் சாத்திவிட்டுப் போவேன்.

அன்புடன்,
இப்ஸ்விச்சிலிருந்து ஒரு தமிழன்