சிக்குன்குனியா புரத ஆய்வில் தோள்கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

சிக்குன்குனியா வைரஸின் புரதங்களில் எது எதனோடு சேர்கிறது என்று தேடும் பணியில் உடன் நின்ற அனைவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

முதலில், ஈஸ்ட் வளர்க்கும் ஊடகத்தைத் தயாரிக்கும் மீடியா அறையினருக்கு. ஈஸ்ட் டூ-ஹைப்ரிட் முறையில், சோதிக்கும் இரு புரதங்களும் ஈஸ்டின் உட்கருவில் ஒட்டினால், ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை உருவாக்க உதவும் மரபணு இயங்கும்; அப்போதுதான் ஹிஸ்டிடின் இல்லாத தட்டில் ஈஸ்ட் வளர வேண்டும். அமினோ அமிலக் கலவையில் ஹிஸ்டிடின் சிறிது கலந்தாலும் ஒட்டாத ஜோடிகூட ஒட்டியதுபோல் தெரியும். சோதிக்கும் புரதங்களின் மரபணு இல்லாத வெற்றுப் பிளாஸ்மிட் (மரபணுவை ஈஸ்டுக்குள் ஏற்றிச் செல்லும் வட்ட டிஎன்ஏ) இரண்டையும் தாங்கிய ஈஸ்டை ஒவ்வொரு தொகுப்பிலும் தடவி, 30 டிகிரியில் ஐந்து நாள் வைத்து, எதுவும் முளைக்கவில்லை என்று பார்த்த பிறகே தட்டுகளைத் தந்தீர்கள். குளுக்கோஸை அகரோடு சேர்த்து ஆட்டோகிளேவில் வைக்காமல், 40 சதவீதக் கரைசலாக வடிகட்டி லிட்டருக்கு 50 மில்லி சேர்த்ததால் மீடியா பழுப்பேறவும் இல்லை.

துணைப் புரதமே இல்லாமல் தூண்டில் புரதம் (துணையைத் தேடப் பயன்படுத்தும் புரதம்) தானாக அந்த ஹிஸ்டிடின் மரபணுவை இயக்குகிறதா என்று சோதித்த மாணவர்களுக்கும் நன்றி. ஹிஸ்டிடின் உருவாவதைத் தடுக்கும் 3-அமினோட்ரையசோலை 0, 2.5, 5, 10 மில்லிமோலார் என ஏற்றிப் பார்க்கும் அலுப்பான வேலை அது. அதைத் தவிர்த்த ஆய்வின் நேர்மறை முடிவை நாங்கள் நம்பமாட்டோம்.

வைரஸின் மேற்பரப்புப் புரதங்களான ஈ1, ஈ2 ஆகியவற்றின் சவ்வு ஊடுருவும் பகுதியை வெட்டிவிட்டு க்ளோன் செய்யச் சொன்னவர்களுக்குத் தனி நன்றி. முழுப் புரதம் சவ்விலேயே சிக்கிவிடும்; உட்கருவுக்குப் போகாது. அப்படி வெட்டினாலும் உட்கருவில் டைசல்பைடு பிணைப்புகள் சரியாக அமையாது, சர்க்கரைச் சங்கிலிகளும் ஏறாது. ஆகவே ஈ1–ஈ2 ஜோடி ஈஸ்டில் வளராததை 'ஒட்டவில்லை' என்று எழுத வேண்டாம் என நீங்கள் வற்புறுத்தியது மிகச் சரி. வைரஸின் மேற்பரப்பில் இந்த ஜோடிகள் 240 இருக்கின்றன. மூன்று மூன்றாகச் சேர்ந்து 80 முட்களாக நிற்கின்றன.

வைரஸின் ஆர்என்ஏவைப் பொதிந்து வைக்கும் கேப்சிட் புரதத்தில் பெரிய சிக்கலைக் காட்டிக்கொடுத்தவர்கள் உயிர்வேதியியல் பிரிவினர். அதன் முன்பாதி நேர்மின்னேற்றம் மிகுந்தது. ஆர்என்ஏவை இறுகப் பற்றும். கேப்சிடை நுண்மணிகளில் பிடித்து, அதோடு எது ஒட்டி வருகிறது என்று பார்க்கும் சோதனையில், அதே ஆர்என்ஏவைப் பற்றும் வேறு புரதமும் கூடவே மணிகளில் இறங்கி, நேரடிப் பிணைப்புபோல் தோன்றும். ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் நொதியைச் சேர்த்தும் சேர்க்காமலும் இணையாகச் செய்து, உப்பை 150இலிருந்து 300 மில்லிமோலாராக உயர்த்திக் கழுவிய பிறகும் நின்ற புரதப் பட்டைகளை மட்டுமே கணக்கில் எடுத்தோம். ஈ2வின் உள்வால் கேப்சிடோடு சேர்வது இந்தச் சல்லடையிலும் தங்கியது.

எல்லா ஈஸ்ட் க்ளோன்களும் 25 சதவீத கிளிசராலில் மைனஸ் 80இல் உள்ளன. தேவைப்படும் மாணவர்கள் தயங்காமல் கேட்கலாம். எடுத்ததும் லியூசின், டிரிப்டோபன் இல்லாத தட்டில் கீறி வளர்த்து, பிளாஸ்மிட் இரண்டும் இருப்பதை (இருந்தால்தான் அங்கே வளரும்) உறுதிசெய்த பிறகு ஹிஸ்டிடின் இல்லாத தட்டுக்கு மாற்றுங்கள்.

நன்றியுடன்,
ஆய்வுக் குழுவினர்