தாமிரபரணிக்கு ஒரே மதிப்பெண் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

தாமிரபரணித் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று கேட்டு நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மொத்த ஆற்றுக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்லப் பார்த்திருக்கிறீர்கள், அதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலுக்குப் போவதற்குள் இந்த ஆறு மலையோடையாக இருக்கிறது, வயலுக்குப் பாய்கிறது, திருநெல்வேலியில் சாக்கடையை வாங்கிக்கொள்கிறது, கடைசியில் உப்புத் தண்ணீரோடு கலக்கிறது. நாங்கள் ஏரல் பக்கம், கடைமடைக்காரர்கள். மேலே என்ன விழுந்தாலும் எங்களிடம்தான் வந்து சேரும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி குளிக்கத் தகுந்த தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும், பி.ஓ.டி., அதாவது தண்ணீரில் உள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, மலக்கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டும் கோலிஃபார்ம் கிருமிகள் 100 மில்லிக்கு 500-க்குள் இருக்க வேண்டும். இந்த அளவுகோலில் எனக்குக் குறை இல்லை. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடும்போது எடுத்தது என்று சொல்லாமல் வெறும் எண்ணை மட்டும் போட்டால் அதை வைத்து நாங்கள் என்ன முடிவுக்கு வருவது?

ஆக்சிஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். பாசி மண்டிய தேங்கல் தண்ணீரில் மத்தியான வெயிலில் அளந்தால் பாசி விடுகிற ஆக்சிஜனால் அளவு நன்றாகவே காட்டும், அதே இடத்தில் விடியற்காலையில் அளந்தால் சரிந்து கிடக்கும், மீன்களுக்கு மூச்சு முட்டுவதும் அந்த நேரத்தில்தான். அப்புறம் மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு பெருகி ஓடும்போது பி.ஓ.டி. குறைந்து தெரிந்தால் சாக்கடை குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை, தண்ணீர் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். கோடை முழுக்கத் தெருவிலும் ஓடையிலும் சேர்ந்த அழுக்கு மொத்தமாக இறங்கும் முதல் மழையன்று தண்ணீர் மாதிரி எடுத்தால்தான் உண்மை நிலை தெரியும்.

ஆற்றை மட்டும் அளப்பதும் போதாது. கடனாநதி திருப்புடைமருதூரில் சேர்கிறது, சிற்றாறு சீவலப்பேரியில் சேர்கிறது. அந்தந்த இடத்தில் சேருவதற்கு முன்னும் பின்னும் அளந்தால்தான் எது எங்கிருந்து வருகிறது என்று பிடிக்க முடியும். கார், பிசானம் என்ற இரண்டு பருவத்து நெல்லுக்கும் உரம் போட்ட பிறகு வயல் வடிகாலில் வருகிற தண்ணீரில் நைட்ரேட், அமோனியா பார்க்க வேண்டும். ஊர்ச் சாக்கடை விழும் ஒவ்வொரு ஓடையின் வாயிலும் அழுக்கின் செறிவோடு ஓட்டத்தையும் அளந்து பெருக்கினால்தான் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கழிவு ஆற்றில் இறங்குகிறது என்ற கணக்கு வரும். பணம் எந்த ஓடைக்கு முதலில் போக வேண்டும் என்று முடிவு செய்ய அந்தக் கணக்குதான் உதவும்.

எங்கள் பக்கத்துக் கதை வேறு. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டிக் கோடையில் நல்ல தண்ணீர் வருவது குறைந்தால் கடல் உள்ளே ஏறிவிடுகிறது. தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் மின்கடத்துத்திறன், பாசனத்துக்கு சென்டிமீட்டருக்கு 2250 மைக்ரோசீமன்ஸுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள், கடல் தண்ணீரில் அது 50,000 வரை போகும், கொஞ்சம் கலந்தாலே வாழையும் ஆத்தூர் வெற்றிலையும் தாங்காது. உப்பு வேறு, சாக்கடை வேறு. இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் போட்டுக் குழப்பினால் கழிமுகம் எப்போதும் 'மோசம்' என்றே வரும், எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது யாருக்கும் தெரியாது. முகத்துவாரத்தில் கடல் ஏறும்போதும் வடியும்போதும் தண்ணீர் மாதிரியைத் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

பல மாவட்டங்கள் குடிக்கிற ஆறு இது. அடுத்த முறை எழுதும்போது மாதாந்திர அளவீடுகளைக் கேட்டு வாங்கி, இடம், நேரம், நீரோட்டம் மூன்றோடும் சேர்த்து அட்டவணையாகப் போடுங்கள். அளக்காத இடங்களை விட்டுவிடாமல் பெயரை எழுதிக் கட்டத்தைக் காலியாகவே அச்சிடுங்கள், அங்கே ஏன் அளக்கவில்லை என்று நாங்கள் போய்க் கேட்கிறோம்.

இப்படிக்கு,
கடைமடை வாசகர் ஒருவர்,
ஏரல்