கொரிய மொழியைத் தமிழ் இலக்கணத்தின் வழியாகச் சொல்லிக்கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் தொடக்கநிலையினருக்காக வெளிவரும் கொரிய மொழிப் பகுதியை விடாமல் படித்து வருகிறேன். எழுதுகிறவரின் ஆர்வத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'அப்பா அங்கேயும் அப்பாதான், நாள் அங்கே நல், புல் அங்கே புல்' என்று வாரந்தோறும் பட்டியல் போடுவதால் படிக்கிறவருக்கு என்ன கிடைக்கிறது? அயுத்தா என்ற நாட்டிலிருந்து கப்பலேறிப் போய் பண்டைக் கொரியாவின் கயா நாட்டு அரசன் சூரோவை மணந்த ஹொ ஹ்வாங்-ஓக் தமிழ்ப் பெண்ணா இல்லையா என்ற ஆராய்ச்சி வேறு. அந்தக் கதை 13-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'சம்குக் யூசா' என்ற கொரிய நூலில் இருக்கிறது; அவள் வந்து சேர்ந்தது கி.பி. 48 என்று அந்நூல் சொல்கிறது. கதை சுவையானதுதான். அதைத் தெரிந்துகொண்டவருக்கு ஒரு கொரிய வாக்கியம்கூட அமைக்க வராது என்பதுதான் என் குறை.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. மகள் குடும்பத்தோடு தென் கொரியாவின் சுவோன் நகரில் இருக்கிறாள். பேரனைப் பார்த்துக்கொள்ளப் போன இடத்தில் கொரிய மொழியைப் படிக்கத் தொடங்கினேன். கையில் கிடைத்த பாடநூல்கள் எல்லாம் ஆங்கிலம் வழியே கற்பிப்பவை. வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், எழுவாயைச் சொல்லாமலே பேசலாம் என்பதையெல்லாம் ஏதோ உலக அதிசயம்போல் பக்கம் பக்கமாக அவை விளக்குகின்றன. ஒற்றைப் பிள்ளைகூட 'எங்கள் அம்மா' என்றுதான் சொல்லும் என்பதற்குக் கொரியரின் கூட்டு வாழ்க்கை பற்றி ஒரு குட்டிச் சொற்பொழிவு! நம் வீட்டுப் பிள்ளைகள் வேறு எப்படிச் சொல்கிறார்களாம்?

நமக்குத் துணைவினைகளில்தான் பெரிய லாபம் காத்திருக்கிறது. 'சாப்பிட்டுப் பார்' என்கிறோமே, அந்தப் 'பார்' கண்ணால் பார்ப்பதைக் குறிப்பதில்லை, முயற்சியைக் குறிக்கிறது. கொரியர்களும் 'மொகொ போதா' என்கிறார்கள். மொகொ என்றால் சாப்பிட்டு, போதா என்றால் பார்ப்பது. 'எழுதிக் கொடு' என்பதில் உள்ள கொடு அங்கே ஜுதா. அதுவும் கொடுப்பதற்கான சொல்தான். 'சாப்பிட்டுவிட்டேன்' என்பதில் ஒரு முடிந்துபோன தன்மை, சில சமயம் ஓர் ஆதங்கம்கூட இருக்கிறது. அந்த வேலையை அங்கே 'பொரிதா' செய்கிறது. தனியாக நின்றால் தூக்கி எறிவது என்று பொருள். 'நேற்று வந்த ஆள்' என்ற பெயரெச்சத் தொடரைச் சொல் மாறாமல் வரிசையாக அடுக்கினால் 'ஒஜே ஓன் சராம்' வந்துவிடுகிறது. ஆங்கிலம் வழியாகப் போகிறவர் இதை முதலில் தலைகீழாகப் புரட்டி, பிறகு மறுபடியும் நிமிர்த்த வேண்டும். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-ஆம் ஆண்டிலேயே கொரிய மொழிக்கும் திராவிட மொழிகளுக்கும் ஒப்பிலக்கணம் எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே குடும்பம் என்ற அவர் கருத்தை இன்றைய மொழியியலாளர்கள் பொதுவாக ஏற்பதில்லை. எனக்கும் அந்த வழக்கில் அக்கறை இல்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, கற்பதற்கு ஒற்றுமை உதவுகிறது.

சுட்டெழுத்துகளைப் பாருங்கள். கொரிய மொழியில் மூன்று உண்டு: பேசுகிறவர் அருகில் இருப்பதற்கு 'இ', கேட்கிறவர் அருகில் இருப்பதற்கு 'கு', இருவருக்கும் தொலைவில் இருப்பதற்கு 'ஜொ'. இரண்டு சுட்டு மட்டுமே உள்ள ஆங்கிலத்தில் இதை விளக்க எத்தனை படம் போடுகிறார்கள்! அ, இ, உ என்று மூன்று சுட்டு நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்தார் 'உது', 'உங்கே' என்று இன்றும் கேட்பவர் பக்கத்தைச் சுட்டுகிறார்கள். உகரச் சுட்டு வழக்கொழிந்தது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்த எனக்கு, அது சுவோனில் உயிரோடு இருப்பதைக் கேட்க வேடிக்கையாக இருந்தது. அந்தக் 'கு'வில் உள்ள உகரம்கூட இதழ் குவியாத உகரம். 'காது', 'பாட்டு' என்பவற்றின் கடைசியில் நாம் ஒலிக்கும் குற்றியலுகரம் என்று ஒரு வரி எழுதினால் தமிழ் மாணவருக்குப் புரிந்துவிடும்.

புணர்ச்சியும் அப்படியே. தலைநகர் சியோலில் ஜோங்னோ என்ற புகழ்பெற்ற வீதி இருக்கிறது. எழுதுவது ஜோங்-ரோ, சொல்வது ஜோங்னோ. பழைய ஷில்லா அரசின் பெயரை ஷின்-ரா என்று எழுதுகிறார்கள். கல்லும் மலையும் சேர்ந்து கன்மலை ஆவதைப் படித்தவர் இதற்கு மிரள மாட்டார். மெய்யீற்றின் மேல் உயிர் வந்து ஏறிக்கொள்வதும் நமக்குப் பழகிய சங்கதிதான்.

தமிழ் கைகொடுக்காத இடங்களையும் மறைக்கக் கூடாது. தங்கள் பகுதியில் கொரியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் மட்டும் அச்சிடுகிறீர்கள். நானும் இந்தக் கடிதத்தில் அதைத்தான் செய்திருக்கிறேன். பாடத்துக்கு அது போதாது. நிலாவுக்கும் மகளுக்கும் முகமூடிக்கும் கொரிய மொழியில் மூன்று வெவ்வேறு சொற்கள். தமிழில் எழுதினால் மூன்றும் 'தல்'. முதலாவது மெலிந்த ஒலி, இரண்டாவது தொண்டையை இறுக்கிச் சொல்வது, மூன்றாவது மூச்சை வெளியே தள்ளிச் சொல்வது. இந்த வேறுபாட்டுக்கு நம்மிடம் எழுத்து இல்லை.

அவர்களிடம் இருக்கிறது. பத்தாயிரம் வொன் நோட்டில் படமாக இருக்கும் செஜோங் மன்னர் 1443-இல் அந்த எழுத்துகளை உருவாக்கி 1446-இல் வெளியிட்டார். எளிய மக்களும் எழுதப் படிக்க வேண்டும் என்பதற்காக என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். சோ மான்-ரி முதலிய அரண்மனை அறிஞர்கள் சீன எழுத்தே போதும் என்று 1444-இல் எதிர்த்து விண்ணப்பம் கொடுத்தார்கள். 'க'வின் வடிவம் தொண்டையை அடைக்கும் அடிநா, 'ந'வின் வடிவம் மேலண்ணத்தைத் தொடும் நுனிநா, 'ம' வாய், 'ச' பல். எழுத்துப் பிறப்பியல் நடத்திய ஆசிரியை ஒருத்திக்கு இதைவிடப் பெரிய விருந்து எது? அடிப்படை எழுத்துகள் 24. கூட்டெழுத்துகளையும் சேர்த்தால் 40. நமது 247-ஐ மனப்பாடம் செய்தவர்களுக்கு இது ஒரு பொருட்டா?

எண்களில் நாட்டு எண், சீன வழி எண் என்று இரண்டு வரிசை உண்டு. மணிக்கு முதலாவது, நிமிடத்துக்கு இரண்டாவது. இதற்குக் குறுக்கு வழி கிடையாது, உருப்போட வேண்டியதுதான்.

மரியாதைக்கு வருகிறேன். பண்பாடு என்று தனிக் கட்டம் போட்டு நீங்கள் எழுதுவது எல்லாம் உண்மையில் இலக்கணத்துக்குள்ளேயே இருக்கிறது. யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவருக்குரிய மரியாதை வினையின் நடுவில் 'ஷி' என்று நுழையும். யாரிடம் பேசுகிறோமோ அவருக்குரியது கடைசியில் 'யோ' என்று ஒட்டும். 'வந்தார்' என்பதில் உள்ள 'ஆர்' ஒன்று, 'சரிங்க' என்பதில் உள்ள 'ங்க' இன்னொன்று என்று பிரித்துக் காட்டினால் பாடம் முடிந்தது. காப்பிக் கடைகளில் இந்த 'ஷி' அளவுக்கு மீறிப் போய், காப்பிக்கே மரியாதை கொடுத்து 'காப்பி எழுந்தருளியிருக்கிறது' என்ற தோரணையில் கூப்பிடுகிறார்கள். அங்குள்ள இலக்கணக்காரர்கள் இதைக் கண்டித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். உலகெங்கும் என் இனம் ஒன்றுதான் போலும்.

ஆனால் நம் 'நீங்கள்' அங்கே செல்லாது. எதிரில் இருப்பவரைப் பிரதிப்பெயரால் சுட்டுவதைத் தவிர்த்துப் பதவியாலோ உறவுமுறையாலோ அழைக்கிறார்கள். ஆசிரியர் என்றால் சொன்செங்னிம், உணவகத்து அம்மாள் என்றால் இமோ, அதாவது தாயின் சகோதரி. பெண் தன் அண்ணனை ஓப்பா என்பாள், ஆண் தன் அண்ணனை ஹ்யொங் என்பான். காதலனும் ஓப்பாதான் என்று கேள்விப்பட்டு முகம் சுளிக்க வேண்டாம். நம்மிடம் 'மாமா' படாத பாடா! யாரை எப்படி அழைப்பது என்று முடிவு செய்யத்தான் அவர்கள் பிறந்த ஆண்டைக் கேட்கிறார்கள், வம்புக்காக இல்லை. 2023 ஜூன் 28 முதல் சட்டப்படி உலக வழக்கிலேயே வயதைக் கணக்கிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறந்ததுமே ஒரு வயது, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று கூட்டு என்ற பழைய கணக்கு மட்டுமே தங்கள் பகுதியில் வந்திருந்தது.

சுவோனில் பால்தால்முன் வாயிலையொட்டிய சந்தையில் அரிசிப் பண்டம் விற்கும் மூதாட்டி எனக்குச் சில்லறை தரும்போது வலக்கையை நீட்டி, இடக்கையால் முன்கையைத் தாங்கிக்கொண்டார். என்னைவிட மூத்தவர். வாங்கும்போது நானும் அப்படியே செய்தேன். பிறகுதான் அவர் பேச்சில் 'யோ'க்கள் எங்கெங்கே விழுகின்றன என்று கவனிக்கத் தொடங்கினேன். கையின் இலக்கணமும் வாயின் இலக்கணமும் சேர்ந்தேதான் வருகின்றன. இரண்டையும் ஒரே பாடத்தில் வைத்தால் என்ன?

எனவே என் வேண்டுகோள்கள் இரண்டு. அடுத்த வாரம் முதல் கொரியச் சொற்களை அவர்கள் எழுத்திலேயே அச்சிட்டு, பக்கத்தில் தமிழ் ஒலிப்பை உதவிக்கு மட்டும் கொடுங்கள். சொற்பட்டியல் வரும் இடத்தில் வேற்றுமை உருபுகளையும் துணைவினைகளையும் நம் இலக்கணப் பெயர்களாலேயே விளக்குங்கள். உருபு அட்டவணை ஒன்றை என் பயன்பாட்டுக்காகத் தயாரித்து வைத்திருக்கிறேன். கொரிய மொழி நன்கறிந்த ஒருவர் சரிபார்ப்பதாக இருந்தால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை