கையெழுத்துப் போடும் மகளுக்கு

அம்பாசமுத்திரம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் குறையவில்லை; மாடிப்படி ஏறாதே என்றால் கேட்பதில்லை. பிசான அறுவடை முடிந்துவிட்டது. அம்பை 16 ரக நெல் நன்றாகத் தேறியிருக்கிறது, நம் அரிசி ஆலை அரவையில் குருணை குறைவாக விழுகிறது. பெரியத்தை வீட்டு வழக்கு அதே நிலையில்தான் இருக்கிறது. சின்ன மாமா வந்து தங்கிவிட்டுப் போனார். உன் ஊர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது உன் வீட்டுக்கும் வந்ததாகச் சொன்னார்.

நீ என்னோடு பேசி நாளாகிறது. ஜமாபந்தி என்னும் வருடாந்தர வருவாய்த் தணிக்கை வரப்போகிறது, கணக்குகளைச் சரிபார்க்க வேண்டும், வேலை அதிகம் என்று அம்மா உனக்காக வாதாடுகிறாள். வேலை இருக்கத்தான் செய்யும். ஆனால் முன்பெல்லாம் வேலை அதிகமாக இருக்கும் நாட்களில்தான் நீ கூடுதலாகப் பேசுவாய். எந்த ஊர்க் கிழவி என்ன மனுவோடு வந்தாள், கிராம நிர்வாக அலுவலர் அதில் என்ன எழுதியிருந்தார், நீ அவரை என்ன கேட்டாய் என்று ஒன்று விடாமல் சொல்வாய். இப்போது நலம் விசாரித்த கையோடு போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

கடைத்தெருவில் என்னைத் தாசில்தாரம்மாவின் அப்பா என்றுதான் இப்போது சொல்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான், மறைக்க மாட்டேன். நம் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தாலுகா அலுவலகத் திண்ணையில் காத்துக் கிடந்தவர்கள்தாம் உண்டு. உள்ளே நாற்காலியில் அமர்ந்த முதல் ஆள் நீ. அரசுக் கட்டுப்பாடு கூடாது என்ற சுதந்திராக் கட்சிக்காரர் வீட்டுப் பெண் அரசாங்க வேலைக்குப் போகலாமா என்று அன்று பலர் கேட்டார்கள். உன் வாழ்க்கையை நீதான் தீர்மானிக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி உன்னை வளர்த்தவன் நான். நீ எடுத்த முடிவு எனக்குப் பிடிக்காதது என்பதற்காக அதை மாற்றிச் சொல்ல முடியுமா? நீ போனாய். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் வரைக்கும் வந்தேன்.

தாத்தாவைப் பற்றி உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. ராஜாஜி 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்ஜியம்' என்று பேசியபோது தாத்தாவுக்கு அது மேடைப் பேச்சாகப் படவில்லை. 1958-இல் அரிசி ஆலைகளுக்கென்று ஒரு மத்தியச் சட்டம் வந்திருந்தது. புதிதாக ஆலை வைக்க அனுமதி, நின்றுபோன ஆலையை மறுபடி ஓட்ட அனுமதி, ஓடுகிற ஆலைக்கு உரிமம். ஊரார் வயலில் விளைந்த நெல்லை ஊரார் கேட்டுக்கொண்டு உமி நீக்கிக் கொடுப்பதற்கு, எங்கோ இருக்கும் ஒருவர் தலையசைக்க வேண்டும். உரிமத்தைப் புதுப்பிக்கப் போன இடத்தில் ஒரு அலுவலர் கையை மேசைக்குக் கீழே நீட்டினார். தாத்தா கொடுக்கவில்லை. ஒரு கார் நெல் பருவம் முழுவதும் ஆலை பூட்டிக் கிடந்தது. ஆச்சியின் காசுமாலை அப்போதுதான் போயிற்று. அந்தச் சட்டத்தை 1997-இல் எடுத்துவிட்டார்கள். எடுத்ததால் நாட்டில் யாரும் பட்டினி கிடக்கவில்லை, அரிசியும் கெட்டுப்போகவில்லை. அதைப் பார்க்கத் தாத்தா இல்லை.

ராஜாஜியை நான் முழுதாக ஏற்றுக்கொண்டவனும் அல்ல. 1952-இல் முதலமைச்சராக இருந்தபோது உணவு தானியக் கட்டுப்பாட்டைத் துணிந்து எடுத்தார். அதற்காக அவரை எப்போதும் கும்பிடுவேன். அவரேதான் 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார், 1953-இல் பிள்ளைகள் பாதி நாள் பள்ளிக்கும் பாதி நாள் அப்பன் தொழிலுக்கும் போகட்டும் என்றார். ஒருவன் என்ன குடிக்கலாம், அவன் பிள்ளை என்ன தொழில் பழகலாம் என்பதில் அரசுக்கு என்ன வேலை? நெல்லுக்கு ஒரு நியாயம், மனிதனுக்கு வேறு நியாயமா? இதை நாம் சாப்பிடும்போது எத்தனை முறை பேசியிருக்கிறோம். நீ ராஜாஜி பக்கம் நிற்பாய், வேண்டுமென்றே.

பனையேறிகளைப் பார். பனை நம் மாநில மரம். அதில் ஏறிக் கள் இறக்கினால் 1987 முதல் குற்றம். பதநீர் இறக்குகிறவன்கூட, அது கள்ளாகப் புளிக்காதபடி கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறானா என்று காவலரிடம் காட்ட வேண்டும். ஆனால் 2003 முதல் சீமைச் சரக்கைப் பாட்டிலில் விற்பது அரசாங்கமே, வேறு யாரும் கடை வைத்து விற்கக் கூடாது. நான் குடிப்பவன் அல்ல, நம் வீட்டில் யாரும் அல்ல. ஆனால் உடன்குடிப் பக்கம் மரத்தை விட்டு இறங்கிக் கட்டட வேலைக்குப் போனவனை நினைத்தால் வயிறு எரிகிறது.

நான் சொல்ல வந்தது வேறு. எழுத உட்கார்ந்தால் பழக்கத்தில் இந்தப் பக்கம் இழுத்துவிடுகிறது.

நீ எட்டாம் வகுப்பில் வ.உ.சி.யைப் பற்றிப் பேசிப் பரிசு வாங்கினாயே, அந்தப் பேச்சை நினைத்துப் பார். பத்து லட்சம் மூலதனம், இருபத்தைந்து ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என்று நீ கையை விரித்துச் சொன்னபோது மண்டபமே கைதட்டியது. 1906-இல் அந்தச் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. அதுவாவது வியாபாரப் போட்டி, வ.உ.சி. அதற்கு ஈடுகொடுத்து நின்றார். 1908-இல் அரசு அவரைக் கைது செய்து, இரட்டை ஆயுள் தண்டனை விதித்து, செக்கிழுக்க வைத்தது. அதற்கு எந்தக் கம்பெனி ஈடுகொடுக்கும்? வியாபாரி என்னை ஏமாற்றினால் அடுத்த கடைக்குப் போய்விடுவேன். இந்த ஆலையில் நான் எடை குறைத்தால் ஆள் கல்லிடைக்குறிச்சிக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான், அந்தப் பயம் என்னை நேர்மையாக வைத்திருக்கிறது. உன் அலுவலகத்துக்கு அடுத்த கடை கிடையாது, அம்மா. வாரிசுச் சான்றிதழுக்கு உன்னிடம் வந்தவள் உன்னிடம்தான் வர வேண்டும். நாளைக்கு வா என்றால் நாளைக்கும் வருவாள். இவ்வளவு கொடு என்றால் கொடுப்பாள்.

அதனால்தான் சொல்கிறேன்: மனுவைத் தேதி போட்டு வாங்கு. கொடுத்தவர் கையில் அத்தாட்சி கொடு. முடியாது என்றால் ஏன் முடியாது என்று அன்றைக்கே எழுதிக் கொடு. காத்திருப்பவர்களை உட்காரச் சொல். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், முதல் நியமனத்தில் நீ எனக்குச் சொன்னதுதான்.

சொத்துரிமையை 1978-இல் அரசியலமைப்பின் 44-ஆவது திருத்தம் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒருவர் சொத்தைப் பறிக்கக் கூடாது என்று 300ஏ பிரிவில் ஒரு வரி மிஞ்சியிருக்கிறது. பணக்காரனுக்கு அந்த வரிக்காக வாதாட வக்கீல் இருக்கிறார். அரை ஏக்கர் வைத்திருப்பவனுக்கு நீ கையெழுத்திட்ட பட்டா ஒன்றுதான் எல்லாம். 1980-இல் கிராமக் கணக்கும் வரியும் பார்த்த பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தபோது ஊரில் பலர் இனி விடிந்துவிடும் என்று நம்பினார்கள். நாற்காலி மாறியது. அதன் முன்னால் நிற்பவன் அப்படியேதான் நிற்கிறான்.

நீ நிர்வாக நடுவரும்கூட என்பதை மறந்துவிடாதே. கூட்டம் கூடத் தடை என்று உன் மேசைக்கும் ஒரு உத்தரவு கையெழுத்துக்கு வரும். கூடங்குளம் அணு மின்சாரம் வேண்டும் என்று சொன்னவன் நான், அதற்காக இந்தத் தெருவிலேயே சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் அதை எதிர்த்து இடிந்தகரை மணலில் உட்கார்ந்த மீனவப் பெண்கள் மேல் தேசத் துரோக வழக்குப் போட்டபோது என்னால் தாங்க முடியவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் பெயரில். உச்ச நீதிமன்றம் 2022-இல் அந்தப் பிரிவை நிறுத்தி வைத்தது. அதற்குள் எத்தனை பேருடைய பாஸ்போர்ட் விண்ணப்பம் கிடப்பில் கிடந்ததோ. அந்த வழக்குகளிலும் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவரும் ஒரு அப்பாவுக்குப் பிள்ளைதான்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நீ விடுப்பு போட்டு ஓடி வந்து இங்கே நிவாரண வேலையில் சேர்ந்துகொண்டாய், யாரும் உன்னைக் கேட்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்த மழை அது. தாமிரபரணி கரைபுரண்டு வந்தபோது அரசு வருவதற்கு முன்பே நம் தெருக்காரர்கள் ஆலை அரிசியை எடுத்து உலை வைத்துவிட்டார்கள். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. அண்டாவைக் கிளறிக்கொண்டு நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய், நீங்கள் சொன்னது சரிதான் அப்பா என்று. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய சான்றிதழ் அது.

மனுவைத் தேதி போட்டு வாங்கு. உன் அறைக்கு வெளியே நிற்கும் இடைத்தரகர்களை வாசலுக்கு அப்பால் நிறுத்து. உன் பெயரைச் சொல்லிக் கீழே இருப்பவர்கள் வாங்கினாலும் அது உன் பெயரில்தான் சேரும்.

மாசி மாதம் நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. ஆலைக் கூரைக்கு என்று சொன்னாய். கூரையை இன்னும் மாற்றவில்லை. தகரம் ஒழுகுவது உண்மைதான். மூட்டைகளை வடக்குப் பக்கம் தள்ளி அடுக்கியிருக்கிறேன், இந்தக் கார் பருவத்தைத் தாண்டிவிடலாம். பணம் வங்கியில் அப்படியே இருக்கிறது. பெரிய தொகை. மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டுப் படிக்கிறார், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், அந்த ஊர் வாடகை எல்லாம் எனக்குத் தெரியும். சின்ன மாமா உன் வீட்டு வாசலில் நின்ற வண்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். எந்த வண்டி என்ன விலை என்பது அவருக்கு அத்துப்படி. நான் நெல் விலையை எடுத்துப் பேச்சை மாற்றிவிட்டேன்.

தாத்தா காலத்திலிருந்து நம் நாள்வழிக் குறிப்பேட்டில் வரவு என்று எழுதினால் பக்கத்தில் வகை எழுதியாக வேண்டும். அரவைக் கூலி, தவிடு, உமி, கைமாற்று. ஆலை பூட்டிக் கிடந்த பருவத்தில்கூடக் காசுமாலை விற்ற வகையில் என்று தாத்தா எழுதி வைத்திருக்கிறார், நீ பார்த்திருக்கிறாய். மாசி மாதப் பக்கத்தில் உன் தொகையை எழுதியிருக்கிறேன், வகை எழுதவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்தது என்றால் அப்படி எழுதி அனுப்பு. கடன் வாங்கினாய் என்றால் அதைச் சொல், மறுநாளே திருப்பிவிடுகிறேன். வேறு என்றாலும் எழுது. நான் உன் அப்பா, உன்னை விட்டு எங்கும் போய்விட மாட்டேன்.

பதிலைக் கடிதமாகவே போடு, ஆலை முகவரிக்கு. போனில் வேண்டாம். அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாள், அவளுக்கு இது எதுவும் தெரியாது.

இப்படிக்கு,
அப்பா