எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு: காலாண்டு விவரமும் மண் மாதிரியும்

பாலக்கோடு வட்டாரம், தருமபுரி மாவட்டம்
10.11.2025

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம். மதிப்பெண் அட்டையில் கையெழுத்திட்டு அனுப்பியவர்களுக்கு நன்றி. வட்டார விளையாட்டுப் போட்டியிலும் கலைத் திருவிழாவிலும் நம் பிள்ளைகள் நன்றாகப் பங்கெடுத்தார்கள். தண்ணீர்த் தொட்டி வேலை முடிந்துவிட்டது. அரையாண்டுத் தேர்வு அட்டவணை வந்ததும் தெரிவிக்கிறோம்.

டிசம்பர் 5 உலக மண் நாள். அதற்காக ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக் கொல்லை மண்ணை எடுத்துவந்து, அது என்ன மண், அதில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று தானே பார்த்து எழுத வேண்டும் எனச் சொல்லியிருந்தோம். வந்த பொட்டலங்களில் பாதிக்கு மேல் பயன்படுத்த முடியவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தில் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

பலர் உரச்சாக்கிலும் காம்ப்ளக்ஸ், பொட்டாஷ் வந்த பையிலும் மண்ணை அனுப்பியிருக்கிறீர்கள். வீட்டில் கைக்குக் கிடைப்பது அதுதான் என்பது தெரியும். ஆனால் நாங்கள் செய்வது பாட்டில் சோதனை. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மிச்சத்துக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டு ஐந்து நிமிடம் குலுக்கி வைப்போம். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் தங்கும், வண்டல் இரண்டு மணி நேரத்தில் தங்கும். களி தங்க ஒன்றிரண்டு நாள் ஆகும். பையில் ஒட்டியிருக்கும் உர உப்பு களித் துகள்களைத் திரளவைத்துவிடும். அப்போது சில மணி நேரத்திலேயே தண்ணீர் தெளிந்துவிடுகிறது. களி நிலத்துப் பிள்ளை 'எங்கள் மண்ணில் களியே இல்லை' என்று எழுதிவிடுகிறது. உவர்ப்புச் சோதனையின் அளவும் அதேபோல் கெட்டுவிடுகிறது.

இன்னும் சிலர் நர்சரியில் வாங்கிய மண்புழு உரத்தையே மண் என்று கொடுத்தனுப்பியிருக்கிறீர்கள். அதில் புழு நிறைய இருப்பதால் பிள்ளைக்கு மகிழ்ச்சி. ஆனால் அது பெரும்பாலும் உரத்தொட்டியில் வளர்க்கும் ஆப்பிரிக்கப் புழு, யூட்ரிலஸ். நம் கொல்லை மண்ணுக்குள் வளை தோண்டும் நாட்டுப்புழு லாம்பிட்டோ மாரிட்டி வேறு. தொட்டிப் புழுவை எண்ணினால் உங்கள் நிலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நம் ஊரில் மேட்டில் சரளைச் செம்மண், பள்ளத்தில் களி, சின்னாற்று ஓரத்தில் வண்டல். வரப்பு தாண்டினாலே மண் மாறுகிறது. எல்லாப் பிள்ளைகளும் கடைப் பொட்டலம் கொண்டுவந்தால் இந்த வேறுபாட்டைப் பார்க்கவே வழியில்லை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். குருணையாக வரும் பூச்சிமருந்து இருந்த பையில் மண் வந்தது. அதைப் பிள்ளைகள் வெறுங்கையால் பிசையவிருந்த நேரத்தில் ஆசிரியர் கவனித்து நிறுத்தினார். பூச்சிமருந்து, களைக்கொல்லி இருந்த எந்தப் பையும், டப்பாவும், கழுவியதாக இருந்தாலும், பள்ளிக்கு வரக்கூடாது. மருந்து அடித்த நிலத்தில் இரண்டு வாரத்துக்கு மாதிரி எடுக்க வேண்டாம். பிள்ளையைக் கிணற்றோரத்துக்கோ புதர் ஓரத்துக்கோ தனியாக அனுப்பவும் வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்க எங்களால் இயலாது.

இனி எப்படி எடுப்பது என்று சொல்கிறோம். மழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்து எடுங்கள். வரப்பு ஓரம், மர நிழல், எருக்குழி, வாய்க்கால், உரம் போட்ட வரிசை ஆகிய இடங்களை விட்டுவிடுங்கள். மேலே கிடக்கும் சருகையும் கல்லையும் ஒதுக்கி, மண்வெட்டியால் 'வி' வடிவத்தில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, வெட்டிய பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரற்கடை கனத்துக்குச் சீவி எடுக்க வேண்டும். மேல்மண்ணை மட்டும் கையால் அள்ளுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஒரே இடம் போதாது; நிலம் முழுவதும் பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்துக் கலந்து, வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிடுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படிச் செய்யுங்கள். நிழலில் உலர்த்திச் சுத்தமான துணிப்பையில் போட்டால் போதும். மரவள்ளி, கரும்பு நிலமானால் 22 செ.மீ. வரை வெட்டுங்கள். மாந்தோப்புக்கு 30 செ.மீ. வேண்டும்.

உயிரிகளுக்கான மாதிரி தனி. இரண்டையும் ஒரே பையில் போட்டதால்தான் இம்முறை பலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மரத்தடிச் சருகும் அதன் கீழுள்ள 5 செ.மீ. ஈரமண்ணும் இரண்டு கைப்பிடி போதும். கொண்டுவரும் அன்று காலையில் எடுத்து, காற்றுப் போகும் துணியில் கட்டி, வெயில் படாமல் கொண்டுவர வேண்டும். வகுப்பில் வெட்டிய பாட்டில் கழுத்தைப் புனலாகக் கவிழ்த்து, வலை வைத்து, மேலே 40 வாட் பல்பு எரியவிடுவோம். வெப்பத்துக்கும் வறட்சிக்கும் பயந்து வாலால் துள்ளும் சிறு பூச்சிகளும் (ஸ்பிரிங்டெயில்) மண்ணில் வாழும் உண்ணிகளும் இரண்டு மூன்று நாளில் கீழே இறங்கி விழும். மூடிய பிளாஸ்டிக் கவரில் வண்டிப் பெட்டிக்குள் வெந்துபோனவை இறங்காது. மண் செத்துவிட்டது என்று பிள்ளை எழுதுவது அதனால்தான்; அந்த வரியைப் படிக்க எங்களுக்கு வருத்தமாக இருந்தது.

கொள்ளு விதைத்திருப்பவர்கள் ஒரு செடியை வேரோடு அனுப்பினால் மிகவும் உதவும். கையால் இழுத்தால் வேர்முடிச்சு அறுந்துவிடும், மண்ணோடு தோண்டி எடுங்கள். முடிச்சை நகத்தால் கீறும்போது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மழைக்குப் பின் தம்பலப்பூச்சி தென்பட்டால் தீப்பெட்டியில் அடைக்க வேண்டாம். எண்ணி எழுதிவிட்டு விட்டுவிடச் சொல்லுங்கள்.

வெட்டுவதற்கு நீங்கள் பக்கத்தில் இருங்கள். சீவி எடுப்பதையும் குறிப்பெழுதுவதையும் பிள்ளை செய்யட்டும். கையெழுத்து அழகாக இல்லாவிட்டாலும் மதிப்பெண் குறையாது. சொந்த நிலம் இல்லாதவர்கள் பள்ளித் தோட்டத்திலேயே எடுத்துக்கொள்ளலாம், அதில் எந்தக் குறைவும் இல்லை.

உலர்ந்த மாதிரி நவம்பர் 24-க்குள் வரவேண்டும். உயிரி மாதிரி டிசம்பர் 1 காலை, பள்ளி மணி அடிக்கும் முன்.

அறுவடையும் சந்தையுமாக அலையும் நாட்களில் இதற்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள். முறை தெரியாமல் போனதற்கு நாங்கள் முன்பே எழுதித் தராததும் காரணம். தங்கள் நிலத்தில் பிள்ளைகளை விட்ட அக்கம்பக்கத்தாருக்கும், துணிப்பை தைத்துக் கொடுத்த தாய்மார்களுக்கும் பள்ளியின் நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்